ஜிபாருக்கு வந்த உள்ளூர்க் கடிதங்கள்

1942 செப்டம்பர் 14. போர்முனை. கட்டணம் இல்லை.
1943 மே 2. போர்முனை. கட்டணம் இல்லை.
1944 நவம்பர் 21. ராணுவ மருத்துவமனை. கட்டணம் இல்லை.
1945 டிசம்பர் 5. உள்ளூர். இருபது கோபெக் காசு.

ஜிபார் என்ற சிறுமியின் பெயருக்கு வந்தவற்றில் சில இவை. என் தபால் பதிவேட்டில் உள்ளபடி எழுதுகிறேன். அவள் அப்பா துர்தகுன் எங்கள் கூட்டுப்பண்ணையில் குதிரை மேய்த்தவர். போருக்குப் போனபோது அவளுக்கு மூன்று வயது. அங்கிருந்து பத்தொன்பது கடிதங்கள் எழுதினார். நான்தான் படித்துக்காட்டுவேன். ‘என் குதிரைக்குட்டியே, உன் உச்சந்தலையை முகரவேண்டும்போல் இருக்கிறது’ என்றே எல்லாம் தொடங்கும்.

1945 அக்டோபரில் அவர் கை கால் குறையாமல் திரும்பினார். சிக்கலும் அப்போதுதான் தொடங்கியது. எங்கள் வழக்கத்தில் ஓர் ஆண் தன் தகப்பன் எதிரில் தன் பிள்ளையைக் கொஞ்சமாட்டான், வெட்கக்கேடு. துர்தகுனின் தகப்பன் அகிஷ் கிழவரோ வாதம் வந்து, அதே வீட்டில் கணப்பை விட்டு நகராதவர். பீரங்கிக்கு அஞ்சாத துர்தகுன், மகளைக் கண்டால் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து ஜிபார் தபால் நிலையத்துக்கு வந்தாள்.

“தபால் சித்தப்பா, எங்கப்பா கடுதாசி வந்துச்சா?”

“அப்பாதான் வீட்டுக்கே வந்துட்டாரே!”

“அது வேற ஆளு. தாத்தாவோட மகனாம். எங்கிட்ட பேசவே மாட்டேங்குறாரு.”

துர்தகுனிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“பெரியவரு தூங்குறப்ப ரெண்டு வார்த்தை பேசுங்களேன், அண்ணே.”

“அவரு எங்கே தூங்குறாரு? கண்ணை மூடிக்கிட்டு காதைத் தொறந்து வச்சிருக்காரு. ஒரு தாள் குடு, தம்பி.”

படைவீரர் தபாலாக மூவாயிரம் மைல் இலவசமாக வந்த அதே வரிகள், முந்நூறு காலடிக்கு இருபது கோபெக் தபால்தலையுடன் வந்தன. விதிப்படி முத்திரை குத்திப் பதிந்து, அவளுக்குப் படித்துக்காட்டினேன்.

“இது எங்கப்பாதான்!” என்றாள் ஜிபார். “எங்கேருந்து போட்டிருக்காரு?”

பொய் சொல்ல எனக்கு வராது. “முத்திரையில நம்ம ஊருதான் இருக்கு.”

“அப்ப கிட்ட வந்துட்டாரு!”

வாசலில் நின்ற துர்தகுனை இடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

இப்படி ஆறு கடிதங்கள். ஆறாவதில் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘நாளை மதியம் குதிரைகளை ஆற்றுக்கு ஓட்டி வருவேன். பாலத்தருகே நில்.’

தபால் நிலையச் சன்னலிலிருந்து பாலம் தெரியும். குதிரைகளோடு அந்த ‘வேற ஆள்’ வந்ததும் ஜிபார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் இறங்கி, குனிந்து, அவள் உச்சந்தலையை முகர்ந்தார். அவள் அவர் மார்பில் இரண்டு கைகளாலும் குத்தினாள். நான்கு முறை. பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பும்போது சேணத்தில் முன்னால் உட்கார்ந்து வந்தவளை, வீட்டுக்கு ஐம்பது காலடி முன்பே இறக்கிவிட்டார். உள்ளே இருவரும் முன்பின் அறியாதவர்கள்போல் தேநீர் குடித்தார்களாம்.

“போருக்குப் போயும் என் மகன் மரியாதையை மறக்கல. பேத்தியும் எவ்வளவு அடக்கம், பாத்தியா?” என்று அகிஷ் கிழவர் என்னிடம் பெருமைப்பட்டார். பார்த்தேன் என்றேன்.

அதன்பின் ஜிபார் கடிதம் கேட்டு வரவில்லை. அவள் பெயருக்கு அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி: 1946 மார்ச் 19.