வெள்ளிக்கிழமை மீன்

மெல்பேர்னில் எங்கள் ஆட்கள் மீன் பிடிக்கப் போனால் வாளியோடு போவார்கள், வாளியோடு வருவார்கள். ஞாயிறு விடியக் கடற்கரைப் பாலத்தில் போய் நின்று, கிடைத்ததை மத்தியானம் நாலு வீட்டுக்குப் பங்கு போட்டால்தான் அது மீன்பிடி. நான் போவது மலை ஆற்றுக்கு. என் கொக்கியில் புழுவும் இல்லை, இறாலும் இல்லை. இறகையும் நூலையும் சுற்றி நானே கட்டிய பொய் ஈதான் இருக்கும். அதைப் பூச்சி என்று நம்பி வாய் வைக்கிற டிரவுட் மீனைத் தண்ணீரிலேயே கொக்கி கழற்றி விட்டுவிடுவேன். நாங்கள் இருக்கிற கிரான்பர்னில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

"பிடிச்சு விடுறதுக்கோ ஐசே இவ்வளவு தூரம் ஓடுறாய்?" என்று கேட்காத நண்பன் எனக்கு இல்லை. அகதியாகப் படகில் வந்தவனுக்கு இன்னும் தண்ணீர் ஆசை தீரவில்லையா என்றும் கேட்பார்கள். நான் போகிற ஆறு முழங்கால் அளவுதான், அடியில் கிடக்கும் கல் தெரியும். கடலோடு அதை ஏன் சேர்க்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் பிரச்சினை வீட்டுக்குள் இருந்தது. நான் ஆற்றுக்குத்தான் போகிறேன் என்பதை என் மனைவி நம்பவில்லை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த அவளுடைய அக்காவின் கணவர், அதாவது என் சகலன், சனி தோறும் தூண்டிலையும் வாளியையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். பின்னேரம் மீனோடு வருவார். அக்கா அதைக் குழம்பு வைத்து, எங்களுக்குத் தொலைபேசியில் ருசியும் சொல்வார். வங்கிக்காரர் வந்து வீட்டை விற்கச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவர் அத்தனை சனிக்கிழமையும் இருந்தது கிளப்பில், சூதாட்ட மெஷினுக்கு முன்னால். வரும் வழியில் கடையில் மீன் வாங்கியிருக்கிறார். இப்போது அவர் எங்கே என்று தெரியாது. அக்கா ஒரு சின்ன யூனிட்டில் தனியாக வாடகைக்கு இருக்கிறார்.

மீனோடு வந்தவரே பொய் சொன்னார் என்றால் வெறுங்கையோடு வருகிறவனை யார் நம்புவது? என் உடுப்பில் மீன் நாற்றம், அந்த வெடிலும் இராது. மலை ஏறியதும் கைபேசியும் வேலை செய்யாது. மனைவி சண்டை பிடித்ததில்லை. நான் வந்தவுடன் என் காற்சட்டைப் பைகளைப் பார்த்துவிட்டுத்தான் தோய்க்கப் போடுவாள். அதுதான் எனக்கு எரியும்.

"ஜஸ்ட் டேக் எ ஃபோட்டோ, அப்பா" என்றாள் மகள். ஈரக் கையோடு, மீனைத் தண்ணீருக்கு வெளியே வைத்துக்கொண்டு படம் எடுக்க எனக்குப் பிடிக்காது. அதைவிட, கட்டிய மனைவிக்குப் படம் காட்டித்தான் நான் யார் என்று சொல்ல வேண்டுமா என்ற வீம்பு. எனக்கு வீம்பு கொஞ்சம் கூடத்தான்.

இலையுதிர்காலம் முடிகிற நேரம், மே மாதக் கடைசி. குளிர்காலத்தில் டிரவுட் முட்டையிடும். அதனால் ஜூனில் ஆற்றை மூடினால் செப்டெம்பரில்தான் மறுபடி மீன் பிடிக்க விடுவார்கள். அந்த ஞாயிறு தெரிந்தவர் மகளின் சாமத்திய வீடு, பூப்புனித விழாவுக்குப் போக வேண்டும். அதனால் வேலை செய்கிற வேர்ஹவுஸில் அதற்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டேன்.

முதல் நாள் இரவு, மனைவி குசினியில் சமையலை முடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "நாளைக்கு ஆத்துக்குப் போறன்."

"ம்" என்றாள்.

அந்த 'ம்'தான் என்னைக் கிளப்பிவிட்டது. "நாளைக்கு மீனோடதான் வருவன். குடலோட, செதிலோட. கடையில அப்பிடி விக்கிறேல்லை. சட்டியைக் கழுவி வையும்."

அவள் கை கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. வாயடைத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன்.

ஆற்றின் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்த விஷயத்தில் மீன் பிடிப்பவர்கள் எல்லோரும் கஞ்சர்கள். ஹீல்ஸ்வில் தாண்டி மலை ஏறி இறங்கினால் வரும். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. மார்பளவு றப்பர் காற்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வில்லோ மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. வீசுகிற வீச்சுக்கெல்லாம் கொக்கியில் மஞ்சள் இலைதான் வந்தது. விரல்கள் மரத்து, கட்டுகிற முடிச்சு கைக்குத் தெரியவில்லை. வெயில் மலைக்கு மேலே ஏறித் தண்ணீரைத் தொட்ட பிறகுதான் சின்னப் பூச்சிகள் பறக்கத் தொடங்கின. ஆழமான மடுவின் ஓரத்தில் ஒரு மீன் பூச்சியைக் கவ்வ, தண்ணீரில் வட்டம் எழுந்தது. நீரோட்டத்தில் அதற்குச் சற்று மேலே ஈயை இறக்கினேன்.

நல்ல பெரிய மீன். அதைக் கரைக்குக் கொண்டு வருவதற்குள் கால் இரண்டு தடவை வழுக்கியது. வயிறு பழுத்த மாம்பழத்தின் நிறம், பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள். இதை மேசையில் போட்டால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள் என்று நினைத்தேன். கையில் அணைத்துக்கொண்டு, தலையில் அடிக்கக் கல் தேடினேன்.

அணைத்த இடத்திலிருந்து என் கம்பளிச் சட்டையின் கையில் முட்டைகள் வழிந்தன. மிளகளவு, செம்மஞ்சள். நான் அழுத்தவே இல்லை. முட்டையிட மேலே போய்க்கொண்டிருந்த பெண் மீன் அது.

எனக்குக் கோபம் வந்தது. மீன் மேல், மனைவி மேல், எல்லோரையும் விடச் சகலன் மேல். அவர் ஆடிய சூதில் அவருடைய வீட்டோடு என் சொல்லும் சேர்ந்து போயிருந்தது. கல் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. ஆனால் மனம் வரவில்லை. மீனின் தலை நீரோட்டத்துக்கு எதிரே இருக்கும்படி தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் வாலால் ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டது.

ஆண் மீன் ஒன்று கிடைத்தால் கொண்டு போகலாம் என்று பின்னேரம் வரை வீசினேன். இலைதான் வந்தது.

திரும்பி வரும் வழியில் ஒரு டிரவுட் பண்ணை இருக்கிறது. காசு கொடுத்தால் குளத்திலிருந்து பிடித்துக் குடலோடு தருவார்கள். வாசலில் காரை நிறுத்தினேன். மூட இன்னும் நேரம் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு மீன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பணப்பையைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. சகலனும் இப்படித்தான் ஒரு கடை வாசலில் காரை நிறுத்தியிருப்பார். பணப்பையைப் பக்கத்து இருக்கையில் எறிந்துவிட்டுக் காரைத் திருப்பினேன். நம்பாவிட்டால் நம்பாமல் இருக்கட்டும். கிரான்பர்ன் வரும் வரை காரை வேறெங்கும் நிறுத்தவில்லை.

கதவைத் திறந்தபோது சாம்பிராணி வாசம். சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு. வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை கூட உடைப்பதில்லை. ஆறு என்றதும் எனக்குக் கிழமை மறந்துபோயிருந்தது. முதல் நாள் அவள் சொல்ல வாயெடுத்தது இதைத்தான்.

"மீன் எங்க?" என்றாள்.

"விட்டிட்டன்."

"ஓம். விட்டிட்டியள்." குரலில் ஒன்றுமில்லை. நான் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். வழக்கம்போல எடுத்தாள், வழக்கம்போலப் பை இருக்கும் இடத்துக்குக் கை போனது. பிறகு நின்றுவிட்டாள். சட்டையின் கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டு போனாள். கம்பளி இழைக்குள் இரண்டு மூன்று முட்டைகள் ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தன.

"இதென்ன?"

"சினை. வயிறு முட்டச் சினையோட வந்தது. கொல்ல மனம் வரேல்லை."

அவள் அந்த முட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொடங்கினாள்.

"வெள்ளிக்கிழமை, விளக்கு வைச்ச நேரத்தில, இந்த வெடிலைக் குசினிக்குள்ள கொண்டு வந்து கதிரையில போடுறியள்! உங்களுக்கு அறிவில்லையோ? நேற்றே சொல்லுவம் எண்டு நினைச்சனான். இனிப் போறதெண்டால் வியாழக்கிழமை போங்கோ. முதல்ல போய் முழுகுங்கோ!"

அவ்வளவு சந்தோசமாக நான் ஒரு நாளும் பேச்சு வாங்கியதில்லை. போய்க் குளித்தேன்.

வெள்ளி தோறும் அந்த நேரத்தில் அக்காவும் அவளும் கதைப்பார்கள். தண்ணீரை நிறுத்தியபோது குரல் கேட்டது. "இல்லையக்கா... இவர் உண்மையாவே மீன் பிடிக்கத்தான் போறவர்." நான் துவாயோடு ஈரத்தில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்போடு உடுப்பை மாற்றினேன். வெளியே வந்து பார்த்தேன். கைபேசியைக் காதில் வைத்தபடி குசினிக் கதிரையில் இருந்தாள், மடியில் என் சட்டை. மறுபக்கம் அக்கா அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கேட்டது.