கோபுரத்திலிருந்து வேப்பமரத்துக்குப் போன ஒயர்

இதை எழுத எனக்கு ஏழு வருஷம் பிடித்திருக்கிறது. நோட்டு வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் குங்குமம் வைத்தேனே தவிர, ஒரு வரி எழுதவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். ஆனால் படிப்புக் குறைவு காரணமில்லை. பயம்.

வெள்ளானூரில் எங்கள் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தோம். கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் மேலிருந்து பூ தூவ, ஊர்க்காரர் ஒருவர் சின்ன ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு செய்திருந்தார். முந்தின நாள் காலையிலேயே பைலட் காரில் வந்து இறங்கினார். கோயிலை மூன்று முறை சுற்றினார். பக்திமான் என்று நினைத்தேன். அவர் அண்ணாந்து ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளில் கோபுரம், கரண்ட் கம்பம், தண்ணீர் டேங்க் எல்லாவற்றையும் வரைந்து, ஒவ்வொரு கம்பிக்கும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். அலங்காரப் பொறுப்பு என்னுடையது என்பதால் நானும் கூடவே நடந்தேன்.

"ஒசரத்துல பறக்குறது பயமா இல்லீங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஒசரத்துல என்னங்க பயம்? அங்க ஏதாவது ஆச்சுன்னா யோசிக்க நேரம் இருக்கும். தாழப் பறக்கும்போது அது இருக்காது. அதுலயும் மேலேர்ந்து பாத்தா கம்பி கண்ணுக்கே தெரியாது. கம்பத்தைப் பாத்துதான் கம்பி இருக்குன்னு கண்டுபிடிப்போம். இனிமே புதுசா எதுவும் கட்டாதீங்க. கட்டினா உடனே ஒரு போன் போடுங்க."

எங்கள் எலக்ட்ரீஷியன் விடவில்லை. "இன்னா சார், கொடி கட்டி வேட்டி காயப்போட்டாலும் சொல்லணுமா?"

"வேட்டியும்தான் அண்ணாத்தே" என்று அவரும் சிரித்தார். நான் தலையாட்டினேன்.

என் மகள் விஷக் காய்ச்சலில் கிடந்தபோது, கோபுரத்திலிருந்து பின்னால் இருக்கும் வேப்பமரம் வரை என் கையால் விளக்குச் சரம் கட்டுவதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். யாகசாலை வேலையில் அது மறந்தே போயிற்று. சாயங்காலம்தான் நினைவு வந்தது. எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சீரியல் செட்டைக் கட்டினேன். ஒரு முனை கோபுரம், ஒரு முனை மரம். நடுவில் கம்பம் எதுவும் இல்லை.

"மாமே, பைலட்டாண்ட சொல்லணும்ல?"

"சாமிக்குக் கட்றதுடா, அது இன்னா பண்ணும்? காலைல கோயிலுக்கு வருவாரு இல்ல, சொல்லிக்கலாம்."

அவர் கோயிலுக்கு வரவில்லை. வானத்தில் வந்தார். வேறெங்கோ இருந்து கிளம்பி நேராக வருவார் என்பதுகூட எனக்குத் தோன்றாமல் போயிற்று.

முதல் சுற்றில் பூ விழுந்தது. ஜனங்கள் "ஓம் சக்தி" என்று கத்தினார்கள். கருடன் வட்டமிடுகிறது என்று யாரோ கையைக் காட்டினார்கள். இரண்டாவது சுற்றுக்கு அவர் இன்னும் தாழ்ந்து, கோயிலின் பின்பக்கமாக வந்தார். அந்தக் காற்றில் என் சரம் துள்ளி மேலே எழுவதைப் பார்த்தேன். தோளில் இருந்த துண்டை உருவி, வராதே, வராதே என்று வீசினேன். என்னைப் பார்த்துச் சுற்றி நின்றவர்களும் சந்தோஷமாகத் துண்டை வீசினார்கள். பைலட் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

ஒயர் வால் விசிறியில் சுற்றியது. ஹெலிகாப்டர் பம்பரம் மாதிரி சுழன்று, கோயிலுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த நிலத்தில் விழுந்தது. உள்ளே இருந்து பூ தூவியவருக்குக் கை முறிந்தது. பைலட்டுக்கு முதுகெலும்பில் அடி. உயிர் பிழைத்தார். அதற்கப்புறம் அவர் பறக்கவில்லை.

டீக்கடையில் ஒருத்தன், "சரக்கு போட்டுகினு ஓட்டியிருப்பான்" என்றான். இன்னொருத்தன், "கருடனுக்கு மேல பறந்தா ஆத்தா சும்மா உடுவாளா?" என்றான். விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் கோயில் கமிட்டியார், எல்லா ஒயரும் முந்தின நாள் காலையிலேயே இருந்தது என்று சொன்னார்கள். நான் பக்கத்தில் தலை குனிந்து நின்றேன். பழி பைலட் மேல் போயிற்று.

இந்தத் தை மாதம் மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை அம்மன் காலடியில் வைக்கப் போனேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னாங்க, சாமியாண்ட நின்னுகினு தரையப் பாக்குறீங்க?" என்றாள் மனைவி.

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். பிறகு, "ஆத்தாளுக்கு இது மொதல்லயே தெரியும். அந்த மனுசனுக்குத் தெரியுமா? ஊட்டுக்கு அப்புறம் போலாம், மொதல்ல அங்க போங்க" என்றாள்.

ஐயப்பன்தாங்கலில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். அதே தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது.

"ஏழு வருஷமா இதைப் பாக்குறேங்க. மூணு சுத்து சுத்தியும் அந்த ஒயரை எப்படி விட்டேன்னு. என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். "நீங்களே போடுங்க."

கோபுரத்திலிருந்து வேப்பமரத்துக்குக் கோடு போட்டேன். கோணலாக வந்தது.

"எழுதியும் குடுங்க" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அம்மன் தண்டித்தாள் என்றோ, அம்மன் காப்பாற்றினாள் என்றோ சேர்க்காதீர்கள். அவர் குடித்திருக்கவில்லை. கவனக்குறைவாக இருக்கவில்லை. ஒயர் சாயங்காலம் கட்டப்பட்டது. கட்டியது நான். அவருக்குச் சொல்லாததும் நான். இதில் ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொல்லுங்கள்.