குளோரி அக்காவுக்கு நான் சொல்லாத சிவப்பு

பிரபு அழைத்தபோது நான் சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். மேடவாக்கம் தாண்டியிருந்தது. அவன் அழைக்கிறவன் இல்லை, செய்திதான் அனுப்புவான். "அக்கா போயிட்டாங்க" என்றான். எந்த அக்கா என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஓர் அக்காதான் உண்டு. அப்படியும் கேட்டேன். "குளோரி அக்காப்பா. காய்ச்சல்னுதானே சொன்னாங்க. வெறும் காய்ச்சல்னுதானே சொன்னாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பின்சீட்டுக்காரர் ஜன்னலை மூடச் சொன்னார். மூடினேன். இறங்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. ஆபீஸ் வாசல் வரைக்கும் போய், அங்கிருந்துதான் திரும்பினேன்.

அவரைக் குரலால் மட்டும் அறிந்தவர்கள், நம் செயலியைப் பயன்படுத்தும் உங்களில் நிறையப் பேர். தாம்பரத்தில் ஒரு வங்கிக் கிளையில் தொலைபேசி இயக்குநராக இருந்தார். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. ஃபோனில் வரும் தமிழை வாய்விட்டுப் படித்துக் காட்டும் அந்தச் செயலியை அக்கா, பிரபு, நான் உட்பட ஆறு பேர் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். அந்த ஆறு பேரில் அதை உண்மையிலேயே நம்பி வாழ்ந்தவர் அவர் ஒருவர்தான். புதிய பதிப்பு எதுவானாலும் அவர் சம்மதித்த பிறகே உங்கள் ஃபோன்களுக்கு வரும். அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "பஸ் டைமும் பேங்க் மெசேஜும் இது படிச்சாத்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கு இது ப்ராஜெக்ட். எனக்குப் பொழப்பு" என்றார்.

செயலிக்கு வெளியிலிருந்து திருத்தம் அனுப்புகிறவர்கள் பெருகியபோது, ஒவ்வொன்றையும் கையால் சோதிப்பது முடியாமல் போனது. யார் எதை மாற்றினாலும் தானாகவே சோதித்து, சரியா தவறா என்று சொல்லும் ஓர் இணையச் சேவை வேண்டியிருந்தது. சிஐ என்று நாங்கள் சொல்வது அதைத்தான். மூன்று சேவைகளை ஒப்பிட்டு நான் ஓர் அட்டவணை போட்டேன். எது வேகம், எது இலவசம், எதை அமைப்பது சுலபம். மூன்றிலும் ஒன்றே முந்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா சர்ச்சிலிருந்து வந்தபின், இரும்புலியூரில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதை வாசித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரிசல்ட்டை எப்படி சொல்லும்?"

"ஒவ்வொரு சோதனையோட பேர் பக்கத்துல ஒரு சின்ன வட்டம் வரும்க்கா. பச்சைன்னா பாஸ், சிவப்புன்னா ஃபெயில்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அக்காதான் முதலில் சிரித்தார். "பிரமாதம்டி. எனக்கு ரெண்டும் ஒரே கலர்." பிரபு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அந்தச் சேவையையே தேர்ந்தெடுத்தோம். எங்கள் சங்கடத்தை நீக்க அவர் சொன்ன வேடிக்கையை அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டோம். பார்வையற்றவர்களுக்கு மென்பொருள் செய்கிறவர்கள், தங்கள் கூட்டத்தில் இருந்த ஒரே பார்வையற்றவரால் படிக்க முடியாத பலகையை அன்று சுவரில் மாட்டினோம்.

"சிவப்பு வந்தா நானே உங்களுக்கு ஃபோன் பண்றேன்க்கா" என்றேன். பல மாதங்கள் செய்யவும் செய்தேன். தினம் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து ஃபோனில் அந்த முடிவுப் பலகையைப் பார்ப்பேன். சிவந்திருந்தால் அழைப்பேன். "என்ன, இன்னைக்கு யாரு வீட்டுல தீ?" என்றுதான் எடுப்பார். எந்தச் சோதனை தோற்றது, என்ன பிழைச்செய்தி என்று வரிவரியாகப் படிக்கச் சொல்வார். நான் சுருக்கினால் பிடிக்காது. "பார்த்தேன்னு சொல்லாத. என்ன பார்த்தேன்னு சொல்லு" என்பார். இதை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்து வருவதை உங்களிடம் சொல்லாமல் இருக்கமுடியாது. சொல்லாமலேயே இவ்வளவு நாள் இருந்துவிட்டேன்.

ஒரு பதிப்பு வந்ததும் பழைய ஃபோன்களில் செயலி ஊமையானது உங்களுக்கு நினைவிருக்கும். தாம்பரம் ஸ்டேஷனில் பேனாவும் சீப்பும் விற்கும் ஒருவர் அனுப்பிய குரல்செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. "இன்னா மேடம், காத்தாலருந்து ஒண்ணுமே பேச மாட்டேங்குது. பேஜாரா கீது. யார் யார் கூப்புட்டாங்கன்னே தெரியல." மறுநாள் பரீட்சை வைத்துக்கொண்டு, பாடத்தைக் கேட்க முடியாமல் அழுத ஒரு பெண்ணும் எழுதியிருந்தாள். பயனர் குழுவில் அக்காவை நீங்கள் கேட்காத கேள்வி இல்லை. பார்வை இல்லாதவரிடம் இந்தப் பொறுப்பை யார் கொடுத்தது என்றுகூட ஒருவர் கேட்டார். அக்கா எழுதிய பதில் மூன்று வரி: "வெளியிட்டது நான். தப்பு என்னுடையது. சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுவோம்."

அந்த வாரம் முழுக்கப் பலகை சிவந்தே இருந்தது. ஆபீஸில் ஒரு வேலை கழுத்தை நெரித்ததால் நான் அதைத் திறக்கவில்லை. அழைப்பு வராததால் எல்லாம் பச்சை என்று அக்கா எடுத்துக்கொண்டார். வேறெப்படி எடுத்துக்கொள்வார்? நடந்தது அவ்வளவுதான். அன்று நீங்கள் திட்டியிருக்கவேண்டியது என்னை. குழுவில் உண்மையை எழுதிவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "எழுதி? உன்னையும் சேர்த்துத் திட்டுவாங்க. ரிசல்ட் அப்பவும் எனக்குத் தெரியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்துவிட்டேன்.

அதன்பிறகுதான் தானே ஒரு சேவையைத் தேட ஆரம்பித்தார். ஒவ்வொன்றிலும் கணக்குத் திறந்து, வேண்டுமென்றே ஒரு சோதனையை உடைத்து, உடைந்தது எது என்று காதால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்பார். சனிக்கிழமைகளில் நான் பக்கத்தில் இருப்பேன், உதவக்கூடாது என்ற நிபந்தனையோடு. நான்காவதாகப் பார்த்தது ஒரு மொட்டைப் பக்கம். படமில்லை, வண்ணமில்லை. முதல் வரியிலேயே எந்தச் சோதனை தோற்றது, எந்தக் கோப்பில், எத்தனையாவது வரி என்று எழுத்தில் இருந்தது. குரல் அதைப் படித்ததும் அக்கா கையைத் தட்டினார். "எனக்கு ஒத்தாசை வேணாம்மா. இந்த ஒரு வரி போதும்."

பிரபுவுக்கு அது பிடிக்கவில்லை.

"அக்கா, பழசு ஆறு நிமிஷத்துல முடிக்குது. இது இருபது நிமிஷம் இழுக்குது."

"மிச்சம் பதினாலு நிமிஷம் நீ டீ குடி பிரபு. நான் யாருக்கும் ஃபோன் பண்ணாம தெரிஞ்சுக்குவேன்."

பழைய சேவையிலிருந்து இதற்கு மாற்றும் வேலையில் பாதியை அவரே முடித்தார். மீதிப் பாதி என்னுடையது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். அவர் நினைவுபடுத்துவதை நிறுத்தினார். பிறகு காய்ச்சல்.

அடக்கம் முடிந்த மறுவாரம் பிரபு எங்களுக்கு எழுதினான். அவனைத் தப்பாக நினைக்காதீர்கள், பெட்டியைத் தூக்கிய தோள்களில் ஒன்று அவனுடையது. "ரெண்டு சிஐ வெச்சிருக்கிறது குழப்பம். வர்ற ஞாயித்துக்கிழமை ஓட்டு போட்டு முடிச்சிடலாம். நான் பழசுன்னுதான் சொல்வேன். சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா படிச்சுக் காட்ட வேண்டியவங்க இப்ப நம்ம டீம்ல யாரும் இல்லையே." கீழே மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். மிஞ்சிய ஐந்து பேரில் நாலு பேர் ஆயிற்று. என் ஓட்டு எந்தப் பக்கம் போனாலும் கணக்கு மாறாது.

யாரும் இல்லை என்பது உண்மை. ஏன் இல்லை என்று பார்க்க, பழைய திருத்தங்களைத் தேடிப் போனேன். பார்வையற்றவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட மூன்று பேர் வெவ்வேறு சமயங்களில் ஒவ்வொரு திருத்தம் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: என்னுடையது பாஸ் ஆனதா? ஒருவருக்கு நானே பதில் எழுதியிருக்கிறேன், "பேஜ்லயே தெரியுமே" என்று. மூவரும் மறுபடி வரவில்லை. அக்கா இத்தனை காலம் இருந்ததற்குக் காரணம் எங்கள் பலகை இல்லை. அவரிடம் ஒரு ஃபோனும், அளவில்லாத பொறுமையும் இருந்தன. அந்தப் பொறுமையைத்தான் நாங்கள் சேவை என்று நினைத்துவிட்டோம்.

ஆகவே அவரை அறிந்தவர்களே, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு எங்களுக்கு எழுதுங்கள். அவரைப் புகழ்ந்து வேண்டாம். சிவப்பு வந்தால் அது உங்களுக்கும் தெரியவேண்டுமா, வேண்டாமா என்று எழுதுங்கள். மாற்றவேண்டிய மீதிப் பாதியை முடித்துவிட்டேன். மூன்று நாள்தான் பிடித்தது. அது மூன்று நாள் வேலை என்று முன்பே தெரிந்துகொள்ளாமல் இருந்தேனே என்பதை எங்கே போய்ச் சொல்வது?

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு சத்தம். நேற்றுக் காலை கணினித் திரையை அணைத்துவிட்டு, பழைய பலகையைக் காதால் மட்டும் படித்துப் பார்த்தேன். ஒரு சோதனையின் பேர், அப்புறம் வட்டம் வரும் இடத்தில் "படம்." இன்னொரு பேர், "படம்." மறுபடியும் "படம்." எது பச்சை, எது சிவப்பு என்று எங்குமே அது சொல்லவில்லை. இதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் என் அழைப்புக்குக் காத்திருந்திருக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் தாங்கமுடியவில்லை. திரையைப் போட்டுவிட்டேன்.