பூட்டிய கோயில் வாசலில் நான் போட்ட சண்டை

அம்மன் சந்நிதியில் நின்று கேட்டு வரம் வாங்கியவர்கள் பலர் இங்கே பேசியிருக்கிறீர்கள். நான் வெளியே நின்று சண்டை போட்டு வாங்கினவள். நான் கோபக்காரிதான். இருந்தாலும் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் வசந்தா, வயது நாற்பத்தேழு. நைனார்பாளையம் பக்கம் இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறோம். வீட்டில் கணவர், மாமியார், காலேஜ் முடித்த மகள் கவிதா. போன வருடம் சித்திரையில் எனக்கு இந்தத் தொல்லை ஆரம்பித்தது. மாதவிலக்கு வந்தால் நிற்பதில்லை. பத்து நாள், பதினைந்து நாள் போகும். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். செத்துப்போய்விடுவேனோ என்று பயம். மகளுக்கு இன்னும் ஒரு நல்லது நடக்கவில்லையே என்று அழுவேன்.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில். "நிக்கப்போற வயசு. அப்டித்தான் கொட்டித் தீரும்" என்றார் மாமியார். "ரெண்டு நாள்ல செரியாயிடும், வுடு" என்றார் கணவர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்தப் பதில் எனக்குப் புதிதா என்ன? பதினாறு வயதில் வயிற்று வலியில் சுருண்டு கிடந்தபோது, கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார்கள். கல்யாணம் ஆனதும், ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார்கள். பிள்ளை பிறந்து இடுப்பே விட்டுப்போன பிறகு, பெற்றவளுக்கு அதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்றார்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்த பிறகு, ஆபரேஷன் உடம்பு அப்படித்தான் என்றார்கள். ஒவ்வொரு வயதிலும் அடுத்த வயதைக் காட்டியே என்னை அனுப்பி வைத்தார்கள். இனி எதைக் காட்டுவார்கள்? சுடுகாட்டைத்தானே!

சரி, அம்மனையாவது கேட்போம் என்று ஆடியில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். அங்கேயும் வம்பு. தீட்டோடு உள்ளே போகக் கூடாது. முதல் வெள்ளிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி, நாளைத் தள்ளிப்போடலாம் என்று பார்த்தேன். டாக்டர் யாரையும் கேட்கவில்லை. மாத்திரையையும் மீறி வந்தது. இரண்டாம் வெள்ளி வந்தும் நிற்கவில்லை. குடமும் மஞ்சள் புடவையும் பரணில் கிடந்தன.

மூன்றாம் வெள்ளிக்கு முந்தின நாள் உச்சி வெயிலில் மக்காச்சோளக் கொல்லியிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கோயில் வேப்பமரம் வரைக்கும்தான் கால் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். கோயில் பூட்டியிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை என்றுதான் நினைத்தேன். அதுவரை நான் வேண்டினதெல்லாம், "அம்மா, அதைச் சரி பண்ணு" என்றுதான். அது எது என்று சாமியிடம் சொல்லக்கூட எனக்குக் கூச்சம். அன்றைக்குக் கூச்சமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. வாய்விட்டுக் கத்தினேன்.

"ஏம்மா, நீயும் பொம்பளதானே? இருவத்திரண்டு நாளா நிக்காம போய்க்கினு இருக்கு. கட்டி கட்டியா போவுது. உள்ள வந்து சொல்லலாம்னா, நின்ன பெறவுதான் வரணுங்கற. நின்னுட்டா நான் எதுக்கு உன்கிட்ட வரப்போறேன்?"

"அக்கா, எத்தினி நாளுன்னு சொன்னீங்க?"

தூக்கிவாரிப் போட்டது. கேட்டது அம்மன் இல்லை. எங்கள் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த நர்ஸம்மா. தடுப்பூசிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் இருந்த கைப்பம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். வந்து என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறிப்போனது.

"கண்ணு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு. இதுவா வயசுக் கோளாறு? நான் கல்வராயன்மலையில வேலை பார்த்தவ. அங்க இருந்து பொம்பளைங்க காலையில கெளம்பி மலை எறங்கி வந்து காட்டிட்டுப் போறாங்க. உங்களுக்கு ஊருக்குள்ளயே பஸ்ஸு வருது. இன்னா கேடு?"

அப்படி யாராவது என்னைத் திட்டமாட்டார்களா என்றுதான் இத்தனை வருடமும் காத்திருந்தேன் போல. அழுதுவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பால்குடம் இல்லை, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லை என்று அன்றைக்கே படுக்கவைத்து ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. கொஞ்சம் சதை எடுத்து, புற்றுநோயா என்று பார்க்க அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. "உன்னைத் திட்டினதை மனசுல வச்சிக்காதே தாயே" என்று படுத்தபடியே கெஞ்சினேன். "வுடு" என்று சொன்ன அதே கணவர், நாலாம் வெள்ளி எனக்காகப் பால்குடத்தைத் தலையில் தூக்கி நடந்திருக்கிறார். ஊரே வேடிக்கை பார்த்ததாம்.

புற்றுநோய் இல்லை என்று வந்தது. என் கட்டிக்கு ஆபரேஷன்தான் சரி என்று டாக்டரம்மா விளக்கிச் சொல்லிச் செய்தார். பிழைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள வார்டில் இருந்த மாமியார், ஒரு மதியம் என் காதோரம் குனிந்தார். "எனக்கும் அடி எறங்கிக் கெடக்குது. உன் வூட்டுக்காரன் பொறந்ததுல இருந்து" என்றார். "யாராண்டயாவது சொன்னியா?" என்று கேட்டேன். "சொல்லி இன்னா ஆவப்போவுது" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது, அவர் மேல் இல்லை. டாக்டரம்மா பரிசோதித்து, கர்ப்பப்பையைத் தாங்க ஒரு வளையம் வைத்துவிட்டார். பத்து நிமிட வேலை. அதற்கு ஐம்பது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்று நட்டிருக்கிறார்! அடுத்த வாரமே, மாதாமாதம் என்னைப் போலவே வயிற்று வலியில் சுருளும் கவிதாவையும் இழுத்துப்போய்க் காட்டினேன். ரத்தசோகை, மாத்திரை சாப்பிடுகிறாள். கல்யாணம் ஆனால் சரியாகும் என்று யாராவது வாயைத் திறந்தால் இப்போது என் மாமியாரே முறைக்கிறார்.

என்னைப் போன்ற பெண்களே, அம்மனை நம்புங்கள். அவள் கைவிடமாட்டாள். ஆனால் "அது" என்று மென்று விழுங்காதீர்கள். எத்தனை நாள், எங்கே வலி என்று எண்ணிச் சொல்லுங்கள். பதினாறோ அறுபதோ, சொல்லுங்கள். நான் மனசுக்குள் வேண்டியிருந்தால் அந்த நர்ஸம்மா தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்.

இந்த ஆடியில் நானே பால்குடம் சுமந்து உள்ளே போனேன். அவள் முகத்துக்கு நேரே நின்றேன். கண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம்தான் வெளியிலேயே சொல்லிவிட்டேனே.