மேலூர் சாலையில் ஒரு வெள்ளைக் கல்

காலை 7.10. வில்லாபுரத்திலிருந்து ஆட்டோவில் கிளம்பினோம். மேலூர் சாலையில் இருக்கும் கல் யார்டுக்குப் போய்வர எழுநூறு ரூபாய் பேச்சு. அக்கா செல்வி வீட்டிலேயே எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள். பசுமலையில் கட்டும் புது வீட்டுச் சமையல் மேடைக்கு வெள்ளைக் கல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அந்த மேடையில்தான் இனி அவள் பிழைப்பே. நானோ கல்லூரியில் கல்லைப் படித்துவிட்டு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் காகிதம் புரட்டுகிறவன். இன்றைக்காவது படிப்புக்கு ஒரு வேலை வந்ததே என்று உள்ளூர ஏக குஷி.

கிளம்புமுன் அம்மன் கோயில் பூசாரி கொடுத்த எலுமிச்சம்பழத்தை அக்கா பைக்குள் பத்திரப்படுத்தினாள். கல் எடுத்த கையோடு புது வீட்டு நிலைவாசலில் கட்ட வேண்டுமாம்.

7.50. ஒத்தக்கடை. யானைமலை தெரிந்தது.

"இம்புட்டுப் பெரிய மலையும் கிரானைட்டுதானண்ணே?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே, இது நைஸ்ங்கிற வேற பாறை" என்று ஆரம்பித்தேன். பூமிக்கடியில் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து, முழுக்க உருக்காமலே பாறையை ஆள் மாற்றிவிடும். அதுதான் உருமாறிய பாறை. அழுத்தத்தில் கனிமங்கள் வரிவரியாக அமைந்தால் ஸ்லேட், சிஸ்ட், நைஸ் என்று ஒரு வகை. வரியில்லாதது இன்னொரு வகை: சுண்ணாம்புக்கல் மாறினால் பளிங்கு, மணற்கல் மாறினால் குவார்ட்சைட். டிரைவர் ஹாரன் அடித்தார்.

8.25. யார்டு. முதலாளி பாண்டி ஒரு வெள்ளைப் பலகையைத் துடைத்துக் காட்டினார். அக்கா அதைத் தடவியபடியே நின்றாள்.

"அண்ணே, இது பளிங்கா, குவார்ட்சைட்டா?"

"வெள்ளை கிரானைட்டு தம்பி. பில்லுலயே அப்படித்தான் போட்டிருக்கு. ஒம்பது மணிக்கு வேற பார்ட்டி வாராங்க, சட்டுன்னு சொல்லுங்க."

பாலிஷ் ஏறினால் எல்லாமே கிரானைட். இந்தத் தொழிலில் அப்படித்தான். அக்காவை ஓரமாக அழைத்துச் சொன்னேன். குவார்ட்சைட் என்றால் கவலையில்லை. பளிங்கு என்றால் எலுமிச்சைச் சாறு அரித்து, கொஞ்ச நாளில் மேடை பாழ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், சாறு விட்டால் தெரிந்துவிடும். பக்கத்தில் கடை எதுவும் இல்லை. என் கண் அவள் பைக்குப் போனது.

"டேய், அது ஆத்தா பழம்டா! வாயக் கழுவு."

எனக்கே கூச்சமாகிவிட்டது. அக்கா பையை அணைத்தபடி பலகையைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள்.

"அண்ணே, ஒரு கத்தி குடுங்க."

அதே கல்லின் உடைந்த துண்டு ஒன்றைச் சுரண்டி, அதன்மேல் பிழிந்தாள். பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. பாலிஷ் பக்கம் விட்ட சொட்டை ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் அந்த இடம் மங்கிக் கிடந்தது. பளிங்கேதான். பாண்டியின் முகம் சுருங்கியது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு ஆசைப்பட்ட கல். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

மிச்சச் சாற்றைப் பக்கத்தில் இருந்த கறுப்பு வரியோடிய சாம்பல் நைஸில் விட்டோம். ஒன்றும் ஆகவில்லை. சதுர அடி 140 ரூபாய். அதையே புது வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள்.

9.40. திரும்பும் வழியில் அத்தானுக்குப் போன் போட்டாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வெள்ளைக் கல்லு வேணாம்னுட்டேங்க. ஊறுகாய்க்கு ஆகாதாம். யாரு, தம்பியா? அவன் பாட்டுக்கு ஏதோ பேசிட்டே வந்தான். நல்லவேளை, ஆத்தா நேர்ல வந்து சொல்லிட்டா."

பிழிந்த இரண்டு மூடிகளும் அவள் மடியில் பத்திரமாக இருந்தன. ஐந்து வருஷம் கல்லைப் படித்தவன், யானைமலையைப் பார்த்தபடி வந்தேன்.