மூன்றாவது ஆளின் பெயர்

ஜலாலுதீன் மரைக்காயர் பழவேற்காட்டுக் கோட்டையில் துபாஷி. டச்சுத் துரைகள் பேசுவதை நமக்குத் தமிழில் சொல்வார். நாம் பேசுவதை அவர்களுக்குச் சொல்வார். சட்டென்று வாயைத் திறக்கமாட்டார். துரை சொல்லும் ஒரே வார்த்தைக்குச் சிரித்துச் சொன்னால் ஒரு அர்த்தம், முறைத்துச் சொன்னால் வேறு அர்த்தம். அதை நம் பேச்சில் எப்படிச் சொல்வது என்று யோசித்துத்தான் சொல்வார். மீன் விற்கப் போகும் நாங்கள், மனுஷன் வாயில் கொழுக்கட்டையா என்று கேலி பேசுவோம்.

ஒருமுறை எங்கள் மீனவ ஊரான பசியாவரத்து ஆண்கள் மூன்று பேர் புயலில் படகை இழந்து கோட்டைப் பக்கம் கரையேறினார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். விற்க வைத்திருந்த அடிமைகள் தப்பி ஓடுகிறார்கள் என்று காவல்காரர்கள் பிடித்துக் கட்டிவிட்டார்கள். கடல் தாண்டிப் பத்தாவியாவுக்கு அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பல் அன்றைக்கே கிளம்புகிறது. கேள்விப்பட்டதும் ஓடினேன்.

"ஒன் ஊர்க்காரங்கனா ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லுனு தொர கேக்குறாரு, பச்சையம்மா," என்றார் மரைக்காயர்.

"இது எல்லப்பன். அது கங்காதரன்."

மூன்றாவதாக நின்றவர் என் வீட்டுக்காரர். கட்டினவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் நான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

துரை கப்பலைக் காட்டிக் கத்தினான். இவளுக்கு அவனைத் தெரியவில்லை, ஏற்று என்கிறான். அது புரிய எனக்குத் துபாஷி வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு மரைக்காயர் யோசிக்கவே இல்லை. குறுக்கே போய் நின்று மடமடவென்று துரையிடம் பேசினார். பிறகு என்னிடம் திரும்பினார். "பேர வுடு. இந்த ஆளப் பத்தி வேற இன்னா தெரியும், சொல்லு."

"இடது காலடில திருக்க முள்ளு குத்துன வடு இருக்குது. நண்டு துன்னா ஒடம்பெல்லாம் தடிச்சிப்பூடும். தூக்கத்துல ஒதைப்பாரு. சண்டைனு வந்தா நாள் கணக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவாரு!"

நான் அழுதுகொண்டே திட்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் டச்சில் சொன்னார். காலைத் தூக்கிப் பார்த்தார்கள். வடு இருந்தது. அந்தச் சிடுமூஞ்சித் துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மூணு பேரையும் கூட்டிகினு போம்மா," என்றார் மரைக்காயர்.

"தொரகிட்ட இன்னா சொன்னீங்க?"

"ஊரான் பேரு வாயில வந்துடும், இவ சொல்லாத பேருதான் புருசன் பேருன்னேன்."

கப்பல் பாய் விரித்துப் போனதைக் கரையிலிருந்து பார்த்தோம். அதில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்காகப் பேச ஒரு மரைக்காயர் இல்லை. என் வீட்டுக்காரர் என் கையை விடவே இல்லை. அந்தக் கையைப் பிடிக்கும்போதெல்லாம் மரைக்காயர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.