சிவப்புக் கோடு போட்ட பதினொரு தாள்கள்

காலை ஏழு முப்பத்தைந்து. என் பையிலிருந்து எடுத்த தாள்களை ஒரு பொலிஸ்காரர் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்ததைத்தான் முதலில் கண்டேன். வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் எங்களை பஸ்ஸிலிருந்து இறக்கியிருந்தார்கள். அடையாள அட்டை, கொழும்பில் தங்கும் தமிழர் காட்டவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு இரண்டையும் பார்த்துத் திருப்பித் தந்தார். தாள்களைத் தரவில்லை.

அது நான் எழுதிய கொம்பியூட்டர் புரோகிராமின் அச்சுப்பிரதி. எங்கேயோ ஓர் அடைப்புக்குறி திறந்து மூடப்படாததால் அது ஓட மறுத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய், பத்திரிகையில் புரூஃப் பார்த்த காலத்துப் பழக்கத்தில், ஒவ்வொரு திறப்பிலிருந்தும் அதன் மூடலுக்குச் சிவப்புப் பேனையால் வளைகோடு இழுத்திருந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் தாள்களை மேசையில் பரப்பினார். பேச்செல்லாம் சிங்களத்தில்.

“நல்லாக் கீறியிருக்கிறாய். இந்த ரோட்டு எந்தப் புலி முகாமுக்குப் போகுது?”

“ரோட்டு இல்லை சேர். கொம்பியூட்டர் வேலை.”

“அப்ப இது ஆறோ?” என்று சார்ஜன் சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும். அதுக்குள்ள எனக்கு விளங்காட்டி உன்னை அதில ஏத்தித் தடுப்பு முகாமுக்கு அனுப்புவன்.”

அலுவலகத்துக்கு ஒருமுறை தொலைபேச விட்டார்கள். பதினொன்று பத்துக்கு என் மேலதிகாரி வந்தார். நுகேகொடைக்காரர், சிங்களப் பெண்; என்னை ‘மல்லி’, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். கையில் ஒரு பிளொப்பி டிஸ்க். அதில் நாங்கள் புரோகிராம் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் மென்பொருளும் அந்தப் புரோகிராமும் இருந்தன.

“மல்லி, இந்தப் பேப்பரைக் காவித் திரியாத எண்டு எத்தினை தரம் சொன்னனான்?” என்றபடி, ஆட்களைப் பதிவுசெய்யும் கொம்பியூட்டரின் முன் உட்கார்ந்தார்.

அடைப்புக்குறியில் கேர்சரை வைத்து ஒரு விசையை அழுத்தினால், எடிட்டர் அதன் இணைக்குத் தாவும். அவர் செய்து காட்டினார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துத் தானே அழுத்தத் தொடங்கினார். 14ஆம் வரியிலிருந்து 31. என் கோடும் 31க்கே போனது. 40இலிருந்து 58. அதுவும் சரி.

212. என் கோடு போனது 240க்கு. கேர்சர் தாவியது 263க்கு.

“உன்ர கோடு வேற இடத்துக்குப் போகுது,” என்றார் இன்ஸ்பெக்டர். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்தொன்று.

மேலதிகாரி குனிந்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். 226இல் திறந்த அடைப்புக்கு நான் 233 வரை கோடு இழுத்திருந்தேன். அந்த வரியில் மூடும் குறியே இல்லை. இருக்கவேண்டிய இடம் என்பதால் இருப்பதாகவே பார்த்திருக்கிறேன்.

“இதைத்தான் சேர் இவன் ரெண்டு நாளாத் தேடினவன்,” என்று அங்கே ஒரு குறியைத் தட்டினார்.

இன்ஸ்பெக்டர் 212க்குப் போய் அழுத்தினார். 240. மறுபடி அழுத்தினார். 240. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் எழும்பவில்லை. பதினோராம் தாள் முடியும்வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“கூட்டிக்கொண்டு போங்க மிஸ்.”

பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். என் பெயருக்கு எதிரே கொண்டுவந்த நேரம் 7.50 என்று இருந்தது. விட்ட நேரத்துக்கான கட்டத்தில் யாரும் எதையும் எழுதவில்லை.